அசையாத பூஜ்யம்

வெள்ளிக்கிழமை மாலை ராயபுரத்துக் கோவிலில் ஜெரியின் விரலில் நிச்சயதார்த்த மோதிரம் ஏறிய வேளையில்தான் அவனுடைய அக்கா ரூத் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள். “ஆபீசில் ஐந்து நிமிட வேலை, முடித்துவிட்டு வந்தேன்” என்று அவள் முணுமுணுத்ததையும், தாயார் வியாகுலம்மாள் முறைத்ததையும், தந்தை சவரிநாதன் சிரித்தபடி பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்ததையும் சென்ற வாரம் கண்டோம்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவள் செய்த வேலை என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருவொற்றியூரில் கடலை ஒட்டிய எண்ணெய்க் கிடங்கில், நான்காம் எண் டேங்க்கின் வாயருகே சவரிநாதன் தம் முக்காலியைப் போட்டு அமர்ந்தார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பலின் அடித்தளங்களில் இறங்கி ஏறியவர். ஓய்வு பெற்றபின் இந்த வேலை. டேங்க்குக்குள் துப்புரவுக்கு இறங்குகிறவன் வெளியே வரும்வரை வாயை விட்டு நகராமல் இருப்பதுதான் அவருக்கு இடப்பட்ட பணி.

மடியில் ஒரு பித்தளைச் சுத்தியல். இரும்பென்றால் பொறி பறக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டேங்க்கின் சுவரில் அவர் மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டில் பதில் சொல்ல வேண்டும். துறைமுகத்திலிருந்து அவர் கொண்டுவந்த வழக்கம் அது.

இன்று இறங்கப் போகிறவன் அவருடைய மகனே.

“இன்னா நைனா, மீட்டர காணோம்?” என்று கேட்டபடி ஜெரி இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டினான்.

“ரிப்பேருக்குப் போய்க்கீதாம். நாளைக்குத்தான் வருமாம்.”

விஷவாயு அளக்கும் கைமீட்டரைக் கயிற்றில் கட்டி, தாமே உள்ளே விட்டுப் பார்க்காமல் சவரிநாதன் எவரையும் இறக்கியதில்லை. அதற்காக இருமுறை வேலையையே நிறுத்தி, ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

சூப்பர்வைசர் பாஸ்கர் அருகே வந்தான். “மீட்டரு எதுக்கு பெருசு? கிளி சீட்டு எடுத்துக் குடுத்துட்ச்சே. வாயு பூஜ்யம். மேல பச்சை லைட்டு எரியுது, கண்ணு தெர்லயா?”

கிளி என்று அவர்கள் கேலியாகச் சொன்னது ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டை. டேங்க்குக்குள் பொருத்தியிருக்கும் சென்சாரிடம் வாயுவின் அளவைக் கேட்டு, காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்து, யார் இறங்குகிறார் என்று குறித்துக்கொண்டு அனுமதிச் சீட்டு வழங்குவது அதன் வேலை. சீட்டு பிறந்ததும் டேங்க்கின் மேல் பச்சை விளக்கு எரியும். அந்த ஏஜென்ட்டுக்கு வேண்டிய கருவிகளை, அதாவது சென்சாரைக் கேட்டுவந்து சொல்லும் சிறு நிரல்களை, எழுதியவள் ரூத்.

சவரிநாதன் பச்சை விளக்கை அண்ணாந்து பார்த்தார். வேறு யாராவது செய்த விளக்காக இருந்திருந்தால் அன்றும் எழுந்து நின்று மறுத்திருப்பார்.

“நம்ம ரூத்து போட்ட லைட்டுடா. போய்ட்டு வா” என்றார்.

பூஜ்யம் என்றால் காற்றுக்குழாய் முகமூடி கட்டாயமில்லை. ஜெரி அதைக் கொக்கியிலேயே விட்டான். மோதிரத்தைக் கழற்றித் தந்தையின் கையில் கொடுத்தான்.

“கல்யாண மாப்ளய சேத்துல எறக்கி வுடுற. எங்க மாமனார் பாத்தாருன்னா, பொண்ணு கெடையாதும்பாரு.”

“அவரும் ஒரு காலத்துல சேத்துல எறங்கின ஆளுதான். பேசிகினு நிக்காத, போ.”

மகனின் மோதிரம் சவரிநாதனின் சுண்டுவிரலில் ஏறியது. மகன், டேங்க்கின் வட்டமான வாய்க்குள் குனிந்து மறைந்தான்.

விம்கோ நகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தில், ரூத் அரை மணி நேரம் கழித்துத்தான் கணினியைத் திறந்தாள். முதல் வேலையாக, வெள்ளிக்கிழமை எழுதிய ஒரு வரியை அழிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். கடல் உப்பு அரித்த கம்பிகளால் சென்சாரின் இணைப்பு அடிக்கடி நொடிப்பொழுது அறுந்துவிடும். அறுந்தால் கருவி ஏஜென்ட்டிடம் பிழை என்று தெரிவிக்கும். ஏஜென்ட் உடனே சீட்டை நிறுத்திவிடும். ஒரு நாளில் பத்து முறை வேலை நின்றால் யார் பொறுப்பார்கள்? கிடங்குக்காரர்கள் கூச்சலிட்டார்கள். ரூத்தின் தலைவி கீர்த்தி, “இன்னிக்கே இதுக்கு ஒரு வழி பண்ணு” என்றாள்.

சரியான வழி ரூத்துக்குத் தெரியும். இணைப்பு அறுந்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால், எது தவறிற்று, கடைசியாக எப்போது அளவு கிடைத்தது என்பதை ஏஜென்ட்டிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதை எழுதிச் சோதித்துப் பார்க்க மூன்று மணி நேரமாவது ஆகும். கோவிலில் ஆறு மணிக்கு மோதிரம். ஜெரி நான்காவது முறையாகக் கைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரே வரி எழுதினாள். பிழை வந்தால் பூஜ்யம் என்று திருப்பிக் கொடு. பக்கத்திலேயே, ‘திங்கள் காலை மாற்ற வேண்டும்’ என்று தனக்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்.

இதோ, திங்கள் காலை. மணி ஒன்பது நாற்பது.

மாற்றுமுன் ஒரு பார்வை பார்ப்போம் என்று அன்றைய அளவுகளைத் திறந்தாள். நான்காம் எண் டேங்க். பூஜ்யம். அடுத்த நிமிடம், பூஜ்யம். அதற்கடுத்தும் பூஜ்யம். எட்டரை மணியிலிருந்து ஒரே நேர்க்கோடு.

அவள் கை நின்றது.

உயிருள்ள சென்சார் ஒருபோதும் அசையாமல் நிற்காது. சுத்தமான காற்றிலும் புள்ளி ஒன்று, புள்ளி மூன்று என்று சிறுகுழந்தையைப்போல் துறுதுறுத்துக்கொண்டே இருக்கும். இத்தனை ஒழுங்கான பூஜ்யம் காற்றிலிருந்து வராது. அவளுடைய வரியிலிருந்துதான் வரும்.

உள்ளே துருவினாள். எட்டு முப்பத்திரண்டு முதல் இணைப்பு இல்லை. எழுபது முறை பிழை. எழுபது முறையும் அவளுடைய வரி அந்தப் பிழையைத் துடைத்துவிட்டுப் பூஜ்யத்தை வைத்திருந்தது.

ஒரு காட்டில் மான்கள் நீர் அருந்தப் போகுமுன் ஓர் அணிலை அனுப்பி, ஓடைக்கரையில் புலி இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்வது வழக்கம். ஒருநாள் மழையில் கிளை முறிந்து கிடந்தது. அணிலால் ஓடைவரை போக முடியவில்லை. போகவில்லை என்று சொல்ல அதற்கு வெட்கம். சொன்னால் தாகத்தோடு காத்திருக்கும் மான்கள் கோபிக்கும் என்ற பயமும் உண்டு. திரும்பிவந்து, “நான் புலியைப் பார்க்கவில்லை” என்றது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மான்கள் துள்ளிக்கொண்டு ஓடைக்குப் போயின.

தன் கருவியை அப்படிப்பட்ட அணிலாக்கியவள் தானே என்பதை ரூத் அந்த ஒரு நிமிடத்தில் உணர்ந்தாள். ஏஜென்ட் யாரையும் ஏமாற்றவில்லை. பிழை வந்தது என்று தெரிந்திருந்தால் அது நின்றிருக்கும். அதற்குத் தெரியவிடாமல் செய்தது அவள்.

அனுமதிச் சீட்டைத் திறந்தாள். வழங்கிய நேரம் ஒன்பது ஐந்து. காவலர் சவரிநாதன். இறங்குபவர் ஜெரி.

“கீர்த்தி!” என்று அலறினாள். “நாலாம் டேங்க்! என் தம்பி உள்ள இருக்கான்!”

அவளுடைய விரல்கள் ஏஜென்ட்டுக்குக் கட்டளை இட்டன. சீட்டை ரத்து செய். சிவப்பு விளக்கைப் போடு. சங்கை ஊது.

சில நொடிகளில் பதில் வந்தது.

‘ரத்து உத்தரவை மூன்று முறை அனுப்பினேன். ஒன்பது இருபது முதல் கிடங்கின் இணைப்பு முழுவதும் இல்லை. விளக்கு மாறியதா, சங்கு ஒலித்ததா என்று எனக்குத் தெரியாது. மாறவில்லை என்றே கொள்ளுங்கள். உடனே ஆள் மூலம் தெரிவியுங்கள்.’

விளக்கை மாற்றும் கருவியில் அவள் அந்த வரியை எழுதியிருக்கவில்லை. அதனால் அந்தக் கருவி தன் தோல்வியை அப்படியே சொன்னது. தெரியாது என்ற அந்தச் சொல் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

தந்தையின் கைபேசி ஒலித்தது. எடுக்க ஆளில்லை. எண்ணெய்க் கிடங்குக்குள் கைபேசிக்கு அனுமதி கிடையாது. எல்லாம் வாயிற்காவல் பெட்டியில் கிடக்கும். ரூத் வாயிலின் எண்ணை அழைத்தாள். ஐந்தாவது மணியில் காவலாளி தௌசீஃப் எடுத்தான்.

“அண்ணே, நான் சவரிநாதன் பொண்ணு. நாலாம் டேங்க்ல காட்டுற பூஜ்யம் தப்பு. உள்ள எவ்ளோ வாயு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஜெரிய வெளிய எடுங்க. யாரும் முகமூடி இல்லாம உள்ள போகக் கூடாது. ஓடுங்கண்ணே!”

தொலைபேசியைத் துண்டிக்காமலே தௌசீஃப் ஓடினான். ரூத்தின் காதில் அவனுடைய பூட்ஸ் ஒலி தேய்ந்து மறைந்தது.

டேங்க்கின் வாயில், சவரிநாதன் மூன்று தட்டினார். உள்ளிருந்து இரண்டு.

“நைனா!” ஜெரியின் குரல் இரும்புக்குள் சுழன்று வந்தது. “எறங்கினப்போ உள்ள முட்டை அழுவின நாத்தம் அடிச்சுகினு இருந்துச்சு. இப்போ சுத்தமா இல்ல. டேங்க்கு ஷோக்கா கீது!”

சவரிநாதன் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். கப்பலின் அடித்தளத்தில் அவர் அறிந்த செய்தி அது. அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் போய்விட்டது என்று ஒருவன் மகிழ்ந்தால், அவனுக்கு மிஞ்சியிருப்பது கொஞ்ச நேரமே.

“வெளிய வாடா! ஜெரி, வேலைய வுட்டுட்டு வா!”

பதில் இல்லை. மூன்று தட்டினார்.

ஒரு தட்டு. ஒன்றே ஒன்று.

மீண்டும் மூன்று.

ஒன்றுமில்லை.

“வேலையா இருப்பான் பெருசு” என்றான் பாஸ்கர். “குழாய இழுத்துகினு இருப்பான். ஒனக்குத் தட்டிகினே இருக்கணுமா அவன்?”

“பதில் வர்லன்னா வர்ல! வேலையா கீறான்னு நீ உள்ள போய்ப் பாத்தியா?”

கயிற்றைப் பற்றி இழுத்தார். இரண்டு முழம் வந்தது. பிறகு எங்கோ சிக்கி நின்றது. உள்ளே உள்ள தாங்குதூணில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

சவரிநாதன் சுத்தியலைச் சட்டைப் பையில் செருகினார். தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார். ஒரு காலை டேங்க்கின் வாய்க்குள் வைத்துவிட்டார்.

“பெரியவரே! போவாத!”

தௌசீஃப் பின்னாலிருந்து அவருடைய இடுப்பைச் சேர்த்துப் பிடித்தான். “ரூத்து போன் பண்ணுச்சு! பூஜ்யம் தப்பாம்! உள்ள எவ்ளோ கீதுன்னு யாருக்குமே தெரியாதாம்!”

“வுடுறா, என் புள்ள கீறான்டா உள்ள!”

“நீயும் போய் வுயுந்தா யார நான் இழுக்கறது? ஒரே நேரத்துல ரெண்டு பேரயா?”

பாஸ்கரின் முகம் வெளுத்திருந்தது. மேலே பச்சை விளக்கு இன்னும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்தான். பிறகு கொக்கியிலிருந்த காற்றுக்குழாய் முகமூடியை எடுத்துத் தன் முகத்தில் இறுக்கினான்.

“அறுபது வயசுல ஒனக்கு மூச்சு தாங்காது, பெருசு. நான் போறேன். என் கயித்த தௌசீஃப் புடிக்கட்டும். நீ அவன் கயித்த வுடாத.”

அவன் உள்ளே போனான்.

எத்தனை நேரம்? தௌசீஃப் பிற்பாடு மூன்று நிமிடம் என்று சொன்னான். சவரிநாதன் அதைப் பற்றி எவரிடமும் பேசியதே இல்லை. கயிறு திடீரென்று தளர்ந்தது. அவர் இழுத்தார். எந்தச் சேற்றை அள்ளுவதற்காக மகன் இறங்கினானோ அதே சேறு அன்று வழுக்கிக்கொடுத்தது. முதலில் பூட்ஸ் வந்தது. பிறகு முழங்கால். பிறகு, நீலம் பாரித்த முகம். அவனுக்குப் பின்னாலேயே பாஸ்கரும் ஊர்ந்து வெளியே வந்தான்.

ரூத் ஸ்கூட்டரில் வந்தபோது நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் மைல்கணக்கில் நின்றிருந்தன. அவற்றின் இடுக்குகளில் நுழைந்து நுழைந்து அவள் கிடங்கின் வாயிலை அடைகையில், ஆம்புலன்ஸ் எதிரே வெளியேறியது. உள்ளே இருப்பவன் உயிரோடிருக்கிறானா என்று கேட்க அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. வண்டியைத் திருப்பி அதன் பின்னாலேயே ஓட்டினாள்.

அரசு மருத்துவமனையில் ஒரு மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்தார். “நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. நுரையீரல்ல கொஞ்சம் நீர் கோத்திருக்கு. ரெண்டு நாள் பார்க்கணும். ஆனா பிழைச்சுக்குவார்.”

சவரிநாதன் உள்ளே போனார். மகனின் மூக்கிலும் வாயிலும் பிராணவாயுக் கவசம். கண்கள் மூடியிருந்தன. அவர் தம் சுண்டுவிரலில் இருந்த மோதிரத்தால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மெல்ல மூன்று தட்டினார்.

நெடுநேரம் கழித்து, ஜெரியின் நகம் அசைந்தது. ஒன்று. இன்னொன்று.

அவர் திரும்பி வந்து வராந்தா பெஞ்சில் ரூத்தின் பக்கத்தில் அமர்ந்தார்.

“இன்னாம்மா ஆச்சு ஒன் மெஷினுக்கு?”

“மெஷினுக்கு ஒண்ணும் ஆகலப்பா. நான்தான்.” அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “சென்சார் பதில் சொல்லலன்னா பூஜ்யம்னு காட்டுற மாதிரி வெள்ளிக்கிழமை ஒரு வரி எழுதினேன். கோவிலுக்கு லேட் ஆயிடுச்சுன்னு. அந்த அஞ்சு நிமிஷ வேலை அதுதான்.”

சவரிநாதனின் கை மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது.

“நான் மீட்டர் இல்லன்னு தெரிஞ்சே அவன எறக்கினேன்” என்றார் கடைசியில். “நீ போட்ட லைட்டுன்னு. ஒங்க அம்மாகிட்ட ரெண்டயும் நானே சொல்றேன். நீ சொல்லாத.”

“இல்லப்பா. என்னோடத நானே சொல்றேன்.”

கைபேசி அதிர்ந்தது. கீர்த்தி. “ரூத், தம்பி எப்படி இருக்கான்? தேங்க் காட். கேளு, அந்த வரிய இப்பதான் எடுத்தேன். இனிமே பூஜ்யம் வராது. அறிக்கையில ‘சென்சார் கோளாறு’ன்னு போட்டுரலாமா? பொய் இல்லையே.”

“சென்சார் பதில் சொல்லல, அத நான் மறைச்சேன். அப்படித்தான் போடணும்.”

“சரி” என்றாள் கீர்த்தி.

“கீர்த்தி, மத்த கிடங்கெல்லாம்? வெள்ளிக்கிழமையிலிருந்து அதே வரிதானே அங்கயும் ஓடுது? நீ வரிய எடுத்தாலும், ஏற்கெனவே குடுத்த சீட்டு அப்படியே இருக்கும். இணைப்பு போன இடத்துல பச்சை விளக்கு எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். நம்மால இங்கேருந்து அணைக்க முடியாது.”

“மொத்தம் அஞ்சு. போன் பண்ணிப் பாப்போம்.”

ரூத் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஐந்து பெயர்களை எழுதினாள். நான்காம் டேங்க்கைக் கொண்ட கிடங்கின் பெயரை அடித்துவிட்டு, கீர்த்தியையும் இணைப்பில் வைத்தபடியே மற்றவற்றை அழைத்தாள். எண்ணூரில் இரண்டு: ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள், தலை எண்ணிச் சொன்னார்கள். காத்திவாக்கத்தில் ஒன்று: இன்று வேலையே இல்லை.

கடைசியாக, மீஞ்சூர் பக்கத்துக் கிடங்கு. மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாம் முறையும் அழைத்தாள்.

“சாப்பாட்டு நேரம் ரூத்” என்றாள் கீர்த்தி. “ஆள் இருக்க மாட்டாங்க. பிரச்சினை இல்லைன்னு போட்டுக்க, சாயந்திரம் பேசிக்கலாம்.”

“அங்க இணைப்பு இருக்கா?”

விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. பிறகு கீர்த்தியின் குரல், முன்னிலும் மெதுவாக. “இல்ல. காலைல பதினொண்ணு பத்துலேருந்து இல்ல.”

“சீட்டு?”

“பத்தே முக்காலுக்குக் குடுத்திருக்கு. ரெண்டு பேர்.”

மருந்துச் சீட்டின் கடைசி வரிக்கு எதிரே ரூத் எழுதினாள்: பதில் வரவில்லை. மூன்று முறை. மணி பன்னிரண்டு ஐம்பது.

“பக்கத்துல இருக்கிற ஸ்டேஷனுக்கும் ஃபயர் சர்வீசுக்கும் நீ சொல்லு, கீர்த்தி. அப்புறம் மீஞ்சூர் நம்பர அடிச்சுகிட்டே இரு.”

அவள் தலைக்கவசத்தை எடுத்தாள். சவரிநாதன் பெஞ்சிலிருந்து எழுந்து, மோதிரத்தைக் கழற்றி, உள்ளே சென்று மகனின் கையில் வைத்து மூடிவிட்டு வந்தார். வந்தவர் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். அவருடைய சட்டைப் பைக்கு வெளியே பித்தளைச் சுத்தியலின் பிடி துருத்திக்கொண்டிருந்தது.

“போம்மா” என்றார்.

ஸ்கூட்டர் வடக்கே திரும்பியது. மீஞ்சூரில் அந்தத் தொலைபேசி இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.